சளிதானே என்று சொல்லாதீர்!



மலைமுகட்டில் பனிமூட்டம் இன்னும் விலகாத காலை வேளை. பள்ளித் திடலில் மாணவர்கள் வரிசையாக நிற்கின்றனர். நாட்டுப்பண் ஒலித்து முடிந்ததும் ஒரு நொடி அமைதி நிலவுகிறது. அந்த அமைதியைக் கிழித்துக்கொண்டு முதல் வரிசையிலிருந்து ஓர் இருமல் எழுகின்றது. அதற்கு விடை கூறுவதுபோல் நான்காம் வரிசையிலிருந்து மற்றோர் இருமல்! கம்போங் ராஜாவில் மழைக்காலம் வந்துவிட்டது என்பதை நாட்காட்டியைப் பார்த்து அறியவேண்டிய தேவை ஆசிரியர்களுக்கு இல்லை.

மூக்கு ஒழுக, கண்கள் சிவக்க நிற்கும் குழந்தையைக் கண்டு, "ஏனம்மா, இன்று வீட்டில் வைத்திருக்கலாமே?" என்று கேட்டால் நமக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றுதான். "சளிதானே, டீச்சர்!" என்பதே அது. இந்த ஒரு சொல்லில் பாதி உண்மையும் இருக்கின்றது. பாதி ஆபத்தும் இருக்கின்றது. அவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். அத்தோடு, நம் பள்ளிகள் அனைத்தும் பெருமையோடு போற்றிவரும் ஒரு வழக்கத்தைப் பற்றி என் மனத்தில் நெடுநாளாக இருந்துவரும் கருத்தையும் இங்கே பணிவுடன் முன்வைக்க விரும்புகின்றேன்.

முதலில் உண்மையான பாதியைப் பார்ப்போம். சளி என்பது நுண்கிருமிகளால் வரும் தொற்றுநோய். பாக்டீரியாவினும் மிகச் சிறியவையான வைரஸ்களே அதற்குக் காரணம். அவற்றுள் தலையாயது 1950களில் கண்டறியப்பட்ட ரைனோ வைரஸ். அதில் மட்டுமே 160க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. ஒன்றை எதிர்த்து உடல் வென்றுவிட்டாலும் மற்றவை காத்திருக்கின்றன. அதனால்தான் சளிக்குத் தடுப்பூசி இன்றுவரை வரவில்லை. ஒரு சிறு குழந்தைக்கு ஆண்டொன்றுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பதும் இயல்பாகக் கருதப்படுகின்றது. பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாள்களில் அது தானாகவே நீங்கிவிடும். இருமல் மட்டும் இரண்டு வாரங்களுக்கு மேலும் நீடிக்கக்கூடும். "மருந்து சாப்பிட்டால் ஒரு வாரம், சாப்பிடாவிட்டால் ஏழு நாள்" என்று வேடிக்கையாகச் சொல்வார்களே, அது வெறும் வேடிக்கையன்று.

சளியைக் குணமாக்கும் மருந்து எதுவும் இல்லாதபோது, ஆண்டிபயாடிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கேட்டு வாங்குவது வீண் செயலாகும். அம்மருந்து பாக்டீரியாவை அழிக்கும்; வைரஸை ஒன்றும் செய்யாது. மூக்குச்சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியது என்பது மட்டுமே அதற்குக் காரணமாகாது. கிருமியோடு போரிடும் வெள்ளை அணுக்களால் அந்நிறம் வருகின்றது. 1928இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே, இம்மருந்தை அளவுகுறைத்துத் தவறாக உண்டால் கிருமிகள் அதற்குப் பழகிப்போகும் என்று எச்சரித்தார். இன்று உலகமெங்கும் அவ்வெச்சரிக்கை மெய்யாகி வருவதைக் காண்கின்றோம். எனவே, மருத்துவர் மருந்தெழுதாமல் அனுப்பினால் அவர் நம்மை அலட்சியப்படுத்திவிட்டார் என்று எண்ணாதீர்கள். அவர் தம் கடமையைச் சரிவரச் செய்திருக்கின்றார்.

இனி நம் பாட்டிமாரின் கூற்றுக்கு வருவோம். "பனியில் நனைந்தாய், அதனால்தான் சளி பிடித்தது" என்பர் அவர்கள். இது சரியா? இங்கிலாந்தில் சால்ஸ்பரி நகரருகே 1946இல் சளியை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் நிறுவப்பட்டது. அங்கே தொண்டர்கள் சிலரைக் குளிப்பாட்டி, ஈரம் உலராமல் குளிர்காற்றில் நிற்கவைத்தனர். அதனால் அவர்களுக்குக் கூடுதலாகச் சளி பிடிக்கவில்லை. "பாட்டி தோற்றாள்" என்று அறிவியலார் எண்ணினர். ஆனால் 2005இல் வேல்ஸ் நாட்டின் கார்டிப் பல்கலைக்கழகத்தில் மற்றோர் ஆய்வு நடைபெற்றது. 90 பேர் தங்கள் கால்களைக் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் வைத்திருந்தனர். வேறு 90 பேர் வெறும் தொட்டியில் கால் வைத்திருந்தனர். அடுத்த நான்கைந்து நாள்களில் முதற்பிரிவினருள் 13 பேரும் இரண்டாம் பிரிவினருள் 5 பேரும் சளி பிடித்ததாகக் கூறினர். உடலில் ஏற்கெனவே ஒளிந்திருந்த கிருமிக்குக் குளிர் வழிவிட்டிருக்கலாம் என்பது அவ்வாய்வாளர்களின் கருத்து. ஆகவே, குளிர் தானாகச் சளியை உண்டாக்காது. கிருமி இருந்தால் அதற்குத் துணைபோகக்கூடும். பாட்டி முழுவதும் தோற்கவுமில்லை; முழுவதும் வெல்லவுமில்லை!

ஆனால் இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. கேமரன் மலையின் இரவுக் குளிருக்கு அஞ்சிச் சன்னல்களையெல்லாம் இறுக மூடிக்கொண்டு, ஓர் அறையில் ஐந்தாறு பேர் நெருங்கிப் படுப்போமானால், ஒருவரின் மூச்சை மற்றவர் சுவாசிப்போம். கிருமிக்கு இதைவிட நல்வாய்ப்பு வேறில்லை. குழந்தைக்குக் கம்பளி போர்த்துங்கள், காலுறை அணிவியுங்கள், ஆனால் பகலிலாவது சன்னலைத் திறந்து காற்றை உள்ளே விடுங்கள். குளிருக்கென்று மூடிய அறையினுள் கரியடுப்பு மூட்டுவதை அறவே கைவிடுங்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவரை உறக்கத்திலேயே கொன்றுவிடும் கொடுமை அதற்கு உண்டு. சாம்பிராணிப் புகையும் சிகரெட்டுப் புகையும் குழந்தையின் மூச்சுக்குழலுக்குப் பகையே.

வீட்டில் செய்யவேண்டியது என்ன? மிக எளியது. குழந்தை ஓய்வெடுக்கட்டும். வெதுவெதுப்பான நீர், கஞ்சி, மிளகு ரசம், சூப் ஆகியவற்றை அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுங்கள். பசியின்மை இரண்டொரு நாளில் சரியாகிவிடும். நீர் குறைவதுதான் தீது. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. மூக்கு அடைத்தால் பால் குடிக்கத் திணறும். அதற்கென மருந்துக்கடையில் விற்கும் உப்புநீர்ச் சொட்டுகளைப் பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு விட்டால் மூக்கு இளகும். வாழைப்பழம் ஆகாது, ஆரஞ்சு ஆகாது, குளிப்பாட்டவே ஆகாது என்று நோயுற்ற பிள்ளைக்குத் தண்டனை விதிக்க வேண்டியதில்லை. வெந்நீரில் விரைவாகக் குளிப்பாட்டித் துவட்டிவிட்டால் தீங்கொன்றும் நேராது. ஒரு வயதைக் கடந்த குழந்தைக்கு இரவில் அரைத் தேக்கரண்டித் தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கோ தேன் துளியும் கூடாது. பொட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் கிருமி வித்துகள் தேனில் இருக்கக்கூடும்.

காய்ச்சலால் குழந்தை துன்புற்றால் பாராசிட்டமோல் கொடுக்கலாம். அளவை வயதைக் கொண்டன்று, எடையைக் கொண்டே கணக்கிடுதல் நலம். ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் வீதம், இருபது கிலோ குழந்தைக்கு ஒருவேளைக்கு 300 மில்லிகிராம். நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். நாளொன்றுக்கு நான்கு முறைக்கு மேல் கூடாது. மூன்று மாதத்திற்குட்பட்ட சிசுவுக்கு மருத்துவரைக் கேளாமல் கொடுக்கலாகாது. ஒரு செய்தியை மறவாதீர்: ஐந்து மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள புட்டியும் உண்டு, 250 மில்லிகிராம் உள்ள புட்டியும் உண்டு. கரண்டி ஒன்றே, மருந்தோ இரு மடங்கு! சீட்டைப் படித்த பின்னரே மூடியைத் திறவுங்கள். ஆஸ்பிரினைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் நோயோடு அதற்குத் தொடர்பு காணப்பட்டுள்ளது. கடையில் விற்கும் இருமல் மருந்துகளை இரண்டு வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்கலாகாது என்று அமெரிக்க மருந்து நிருவாகம் 2008இல் அறிவுறுத்தியது. அவற்றால் விளையும் நன்மையோ சொற்பம், தீமையோ பெரிது.

நம்மிடையே வழக்கிலிருக்கும் வேறு சிலவற்றையும் கூறாமல் விடுவதற்கில்லை. தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சிக் குழந்தையின் மார்பில் தேய்ப்பதும், மூக்கினுள் விரலால் தடவுவதும் பலர் வீட்டில் நடக்கின்றன. கற்பூரம் சிறு குழந்தையின் உடலில் சேர்ந்தால் வலிப்பு உண்டாகும். ஒரு சிறு கட்டியை விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து. கோடாலித் தைலம் போன்றவற்றையும் கைக்குழந்தையின் மூக்கருகே கொண்டுபோகாதீர்கள். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதால் அது நுரையீரலுக்குள் இறங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் குனியவைத்துப் போர்வை மூடி ஆவி பிடிக்கச் செய்வதால் வெந்துபோன பிள்ளைகள் உண்டு. இவையெல்லாம் அன்பினால் செய்யப்படுவன என்பதை அறிவேன். ஆயினும் அன்புக்கும் அறிவு துணைநிற்க வேண்டாமா?

இப்பொழுது ஆபத்தான பாதிக்கு வருகின்றேன். பள்ளிச் சிறுவனுக்கு வெறும் சளியாக இருப்பது, அவன் வீட்டுத் தொட்டிலில் கிடக்கும் தங்கைக்கு வெறும் சளியாக இருப்பதில்லை. ஆர்.எஸ்.வி. எனப்படும் வைரஸ் பெரிய பிள்ளைகளுக்கு மூக்கொழுகலைத் தருவதோடு நின்றுவிடும். சில மாதக் குழந்தையின் நுண்ணிய மூச்சுக்குழல்களையோ அது அடைத்து வீங்கச் செய்துவிடும். உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் ஆண்டுதோறும் ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நிமோனியாவுக்குப் பலியாகின்றனர் என ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியம் கூறுகின்றது. நிமோனியாவைத் தரும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரான தடுப்பூசி நம் நாட்டில் 2020ஆம் ஆண்டின் இறுதியில் அரசாங்கத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதனைத் தவறாது போட்டுக்கொள்ளுங்கள்.

ஆபத்தை அறியக் கருவி வேண்டுவதில்லை. கடிகாரமும் கண்ணும் போதும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கையில் சட்டையை உயர்த்தி, மார்பு எத்தனை முறை எழுகிறது என ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருப்பின் அது விரைவு மூச்சு. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கு இது. மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்குதல், பால் குடிக்க இயலாமை, உதடு நீலமாதல், வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் பொழுது விடியட்டும் என்று காத்திராதீர்கள். மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 38 பாகையை எட்டினாலும் அவ்வாறே. பெரிய பிள்ளைக்கும் மூன்று நாளைக்கு மேல் காய்ச்சல் நீடித்தாலும், மூக்கொழுகலே இன்றிக் கடுங்காய்ச்சல் அடித்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். பின்னது டெங்கியாகவும் இருக்கலாம். மருத்துவமனையோ தானா ராத்தாவில் இருக்கின்றது. மலைச்சாலை வளைவுகளும் விடுமுறை நாள்களின் வாகன நெரிசலும் நாம் அறியாதவையல்ல. சமவெளியில் இருப்போர் அரைமணி தாமதிக்கலாம். நாம் அரைமணி முந்திக்கொள்ள வேண்டும்.

இனி, நான் சொல்ல விரும்பிய கருத்து.

பல்லாண்டுகளுக்கு முன்பு, நான் பணியாற்றிய ஒரு பள்ளியின் பரிசளிப்பு விழாவில், ஆண்டு முழுவதும் ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத மாணவன் ஒருவனுக்கு முழு வருகைப் பரிசு வழங்கப்பட்டது. அவன் தாய் மேடையருகே வந்து, "காய்ச்சலோடும் வந்தான் டீச்சர், ஒருநாளும் தவறவில்லை" என்று பூரிப்போடு கூறினார். நானும் மனமாரக் கைதட்டினேன். அவ்வாண்டு மழைக்காலத்தில் அவ்வகுப்பில் பாதிப்பேர் இருமிக்கொண்டிருந்ததும், அச்சிறுவனின் கைக்குழந்தைத் தங்கை மூச்சுத்திணறி மருத்துவமனையில் ஒருவாரம் கிடந்ததும் பின்னரே என் நினைவுக்கு வந்தன. அவனால்தான் அவை நேர்ந்தன என்று எவராலும் உறுதியாகக் கூற இயலாது. பழி அச்சிறுவன்மீதும் இல்லை. காய்ச்சலோடு வந்த பிள்ளைக்குப் பரிசும், வீட்டில் ஓய்வெடுத்த பிள்ளைக்கு வெறுங்கையும் கொடுத்த எங்கள் வழக்கத்தின்மீதுதான் அது இருக்கின்றது.

ஆகவே, முழு வருகைப் பரிசை மாற்றியமைக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. காரணமின்றி வராதிருப்பதும் நோயால் வராதிருப்பதும் ஒன்றல்ல. பெற்றோரின் கடிதத்தோடு நோய்விடுப்பு எடுத்த நாளைக் குறையாகக் கருதாமல், மற்ற நாள்களில் தவறாது வந்த மாணவனைப் பாராட்டுவோம். அப்படிச் செய்தால் பிள்ளைகள் சோம்பேறிகளாகிவிடுவர் என்று சிலர் அஞ்சலாம். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் கோவிட் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, வகுப்பறை எவ்வளவு அருமையானது என்பதைப் பிள்ளைகளே உணர்ந்துகொண்டனர். நோயுற்றவர் வீட்டிலிருப்பது பிறர்க்குச் செய்யும் உதவி என்பதையும் அப்பெருந்தொற்றே நமக்குக் கற்பித்தது. கற்ற பாடத்தை அதற்குள் மறப்பதா?

"ஆண்டுக்கு எட்டுமுறை சளி பிடித்தால் எட்டு வாரம் வீட்டிலிருப்பதா? பாடம் என்னாவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாச் சளிக்கும் விடுப்பு வேண்டுவதில்லை. காய்ச்சல் இல்லாமல், உண்டு விளையாடும் பிள்ளை சிறிது மூக்கொழுகினாலும் பள்ளிக்கு வரலாம். கைக்குட்டையும் முகக்கவசமும் கொடுத்தனுப்புங்கள். காய்ச்சலோ, சோர்வோ, அடக்கமுடியாத இருமலோ இருந்தால் வீட்டில் இருக்கட்டும். மருந்தின்றியே காய்ச்சல் நீங்கி ஒருநாள் கழிந்தபின் வரட்டும். முதல் இரண்டு மூன்று நாள்களில்தான் கிருமி மிகுதியாகப் பரவுகின்றது. ஆதலால் இரண்டு மூன்று நாள் விடுப்பே பெரும்பயன் தரும். அந்நாள்களின் பாடத்தை ஈடுசெய்வது ஆசிரியராகிய எங்கள் பொறுப்பு.

இவ்விடத்தில் பெற்றோர் கேட்கும் மற்றொரு கேள்விக்கு என்னால் எளிதில் விடைகூற இயலவில்லை. "பிள்ளையை வீட்டில் வைத்தால் அவனோடு யார் இருப்பது?" என்பதே அது. தேயிலைத் தோட்டமாயினும், காய்கறித் தோட்டமாயினும், பூந்தோட்டமாயினும், கடையாயினும், தாயும் தந்தையும் உழைத்தால்தான் அடுப்பெரியும் குடும்பங்கள் நம்மிடையே பல. நாட்கூலி பெறுவோர்க்கு ஒருநாள் விடுப்பு என்பது ஒருநாள் ஊதியம். நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், தொழிலாளி தாமே நோயுற்றால் சம்பளத்தோடு விடுப்பளிக்கின்றது. 2023ஆம் ஆண்டு சனவரி முதல் பேறுகால விடுப்பு 98 நாளாக உயர்ந்தது. தந்தையர்க்கும் ஏழுநாள் கிடைத்தது. இவை போற்றத்தக்கன. ஆனால் பிள்ளை நோயுற்றால் உடனிருப்பதற்கென்று தனி விடுப்பு அச்சட்டத்தில் இல்லை. "சளிதானே" என்று சொல்லும் தாயின் குரலில் அலட்சியத்தை மட்டும் கேட்கும் நாம், அதன் அடியில் இருக்கும் இக்கட்டையும் கேட்க வேண்டும். அவர் கல்நெஞ்சரல்லர், கணக்குப் பார்க்கவேண்டிய நிலையில் உள்ளவர்.

சட்டம் மாறும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. அக்காலத் தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்தது. தாயார் கொழுந்தெடுக்கச் சென்றபோது ஊரே பிள்ளையைப் பார்த்துக்கொண்டது. அந்த ஒற்றுமை முற்றும் அழிந்துவிடவில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் முயன்றால், பகலில் வீட்டிலிருக்கும் தாய்மார், பாட்டிமார் யார் யார் என அறிந்து, ஒருவர்க்கொருவர் உதவும் ஏற்பாட்டைச் செய்யலாம். கைக்குழந்தை இல்லாத வீடாகப் பார்த்து அமைத்தல் வேண்டும். முதலாளிமார்களும், பிள்ளைக்காக ஒருநாள் கேட்கும் தொழிலாளியை நாள்மாற்றி வேலைசெய்ய அனுமதித்தால் இருவர்க்கும் இழப்பிராது. பள்ளியோ ஒவ்வொரு வகுப்பருகிலும் சவர்க்காரமும் தண்ணீரும் என்றும் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாணவமணிகளே, உங்களுக்கும் ஒரு சொல். இருமல் வந்தால் முழங்கை மடிப்பில் இருமுங்கள். மூக்கைச் சிந்தினால் சவர்க்காரமிட்டு இருபது வினாடி கைகழுவுங்கள். உங்களுக்குச் சளி பிடித்திருக்கும் நாள்களில் தம்பி தங்கையை முத்தமிடாமல் எட்ட நின்று சிரித்துக் காட்டுங்கள். அதுவும் அன்புதான்.

அடுத்தமுறை பிள்ளை மூக்கொழுக நிற்கும்போது, "சளிதானே" என்று கூறி அனுப்பிவிடாமல், அதன் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள்; மூச்சை எண்ணிப் பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள். நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்றனர் முன்னோர். அச்செல்வத்தை நம் பிள்ளைகளுக்குச் சேர்த்துவைக்கும் பொறுப்பு வீட்டுக்கும் பள்ளிக்கும் பொதுவானது. அடுத்த பரிசளிப்பு விழா மேடையில், நோயுற்றபோது ஓய்வெடுத்து நலம்பெற்றுத் திரும்பி வந்த பிள்ளைக்கும் நாம் கைதட்டுவோமாக!